சந்தனப் பொட்டு வைத்த மிஷின்

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், எது கொட்டினாலும் அப்பா "யாரு?" என்று கேட்க மாட்டார். "எப்படி?" என்றுதான் கேட்பார். தெருவில் மற்ற வீடுகளில் ஒரு டம்ளர் விழுந்தால் அடுத்த நொடி ஒரு பிள்ளை அலறுகிற சத்தம் கேட்கும். எங்கள் வீட்டில் டம்ளர் விழுந்தால் அப்பா குந்தி உட்கார்ந்துகொண்டு, போலீஸ்காரர் கொலை நடந்த இடத்தைப் பார்ப்பதுபோல அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு முறை நான் சாம்பார்ப் பாத்திரத்தைக் கொதிக்கக் கொதிக்கக் கீழே போட்டேன். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பா அவளைத் தடுத்துவிட்டு முதலில் என் கையையும் காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சூடு படவில்லை என்று தெரிந்ததும் விசாரணை ஆரம்பித்தது. எந்தத் துணியால் பிடித்தேன், துணி ஈரமாக இருந்ததா, பாத்திரத்தை எங்கே இறக்கிவைக்க நினைத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் வீட்டில் பாத்திரம் பிடிக்கிற துணியும் மேடை துடைக்கிற துணியும் ஒன்றுதான் என்பதும், ஈரத் துணியில் சூடு சட்டென்று ஏறிவிடும் என்பதும் வெளிவந்தன. மறுநாள் அப்பா ஓர் இடுக்கி வாங்கி வந்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

"பொண்ணு கொழம்பக் கொட்டிட்டு நிக்குது, இவுரு துணிக்கு ஜாதகம் பாக்குறாரு" என்றாள் அம்மா. அன்று எல்லோரும் மோர் ஊற்றிச் சாப்பிட்டோம். அடிவாங்காமல் தப்பியதில் எனக்கு மோர்ச்சோறும் விருந்தாகத்தான் இருந்தது.

இது அப்பா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழக்கம். நாங்கள் ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூரில் இருந்தோம். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. வண்டிகளுக்கான இரும்புப் பாகங்கள் செய்யும் கம்பெனி. அதில் துளை போடும் செக்‌ஷனுக்கு அப்பா சூப்பர்வைசர். கெட்டுப்போன இரும்புத் துண்டை அங்கே 'ரிஜெக்ட்' என்பார்கள். மற்ற செக்‌ஷன்களில் ஒருவன் கையில் ரிஜெக்ட் விழுந்தால் அதை மறைப்பதுதான் அவனுடைய அன்றைய முக்கிய வேலை. இரும்புத் தூளுக்குள் புதைப்பான். சாப்பாட்டுப் பைக்குள் போடுவான். யாரும் பார்க்காத நேரத்தில் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் முட்புதரில் வீசுவான். அந்தப் புதரைத் தோண்டினால் ஒரு லாரி லோடு இரும்பு கிடைக்கும் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவின் செக்‌ஷனில் மட்டும் நடைமுறை வேறு. சாயங்காலம் டீ வரும் நேரத்தில், துண்டைக் கெடுத்தவன் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் வந்து நிற்க வேண்டும். எப்படிக் கெட்டது என்று அவனே சொல்ல வேண்டும். அவனுக்காக வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. யாரும் சிரிக்கக் கூடாது, திட்டக் கூடாது. அவன் சொல்லி முடித்ததும் இனி இப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்று ஆளாளுக்குப் பேசுவார்கள். அன்றைய வடை அப்பாவின் கணக்கு. வடைக்காகவே சிலர் துண்டைக் கெடுக்கிறார்கள் என்று முதலாளி கிண்டல் செய்வாராம். ஆனால் அப்பாவின் செக்‌ஷனில்தான் ரிஜெக்ட் குறைவு என்பதால் அதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

இன்று நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் இதே கூட்டத்துக்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஏசி அறையில் பிஸ்கட்டோடு நடக்கிறது. தவறு என்பது கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்பு என்று சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எனக்குக் கீழே இருக்கும் பிள்ளைகள் அந்த அறைக்குள் நுழையும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். சுவரில் எழுதியிருப்பதை ஒருத்தரும் நம்புவதில்லை. அப்பாவை அவருடைய ஆட்கள் நம்பினார்கள்.

அந்த ஆட்களில் ஒருவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. ஐடிஐ முடித்துவிட்டு எங்கள் வீட்டில் தங்கி, அப்பாவின் செக்‌ஷனிலேயே பயிற்சி ஆளாகச் சேர்ந்திருந்தார். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்தவர். வந்த கொஞ்ச நாளிலேயே மெட்ராஸ் பாஷை பேசக் கற்றுக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும்போதே "இன்னா நைனா, இன்னா துன்னே?" என்று என்னைக் கேட்பார். அம்மாவுக்குக் கோபம் வரும், எனக்குச் சிரிப்பு வரும். காலையில் அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போவார், சாயங்காலம் அதிலேயே திரும்பி வருவார். சம்பள நாளில் எனக்கு மட்டும் தனியாக முட்டை பப்ஸ் வரும்.

அந்தத் தீபாவளிக்குள் மாமாவை பர்மனென்ட் ஆக்கிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். பட்டாபிராமில் ஒரு பெண் வீட்டார் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தார்கள். பர்மனென்ட் என்றால் தை மாதம் கல்யாணம். இல்லையென்றால் பையனை மறந்துவிடுங்கள் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அதனால் எங்கள் வீட்டில் அந்தப் புரட்டாசி முழுவதும் பர்மனென்ட், பர்மனென்ட் என்றே பேச்சு. அது ஏதோ ஊர்ப் பெயர் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று எஸ்டேட்டில் எல்லாக் கம்பெனிகளும் கேட்டைத் திறந்துவைத்துக் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். வருஷம் முழுவதும் கிரீஸ் நாற்றம் அடிக்கும் இடத்தில் அன்று ஊதுபத்தி மணக்கும். வாசலில் வாழைக்கன்று, உள்ளே கலர்க் காகிதத் தோரணம், ஆளுக்கொரு பொட்டலத்தில் பொரியும் சுண்டலும். மிஷின்களை எல்லாம் தேய்த்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். அந்த மாதம்தான் மாமாவை நம்பி ஒரு மிஷினைத் தனியாகக் கொடுத்திருந்தார்கள். என் கையைப் பிடித்து அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இதான் நைனா நம்ம மிஷினு" என்றார். சொந்தக் குழந்தையைக் காட்டுவது மாதிரிதான் காட்டினார்.

மோட்டார் மூடியிலும் கைப்பிடியிலும் ஏற்கெனவே பொட்டு இருந்தது. மாமாவுக்கு அது போதவில்லை. துளை போடும்போது துண்டு அசையாமல் உட்காருவதற்கு மிஷினில் ஓர் இடம் உண்டு. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். சந்தனக் கிண்ணத்தில் விரலை முக்கி, அந்த இடத்தில் மூன்று பொட்டு வட்டமாக, கனமாக வைத்தார். மேலே குங்குமம் இட்டார்.

"அங்க எதுக்கு மாமா?" என்று கேட்டேன்.

"மூஞ்சின்னு ஒண்ணு இருந்தா அது இதாம்மா. மூஞ்சில வெக்காம முதுவுலயா பொட்டு வெப்பாங்க?"

துண்டு உட்காரும் இடத்தில் எண்ணெய்த் துணி தவிர வேறு எதுவும் படக் கூடாது என்பது அந்த செக்‌ஷனில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். மாமாவுக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் பாடமெல்லாம் எங்கே ஞாபகம் வரப்போகிறது. அப்பா அந்த நேரம் தூரத்தில் முதலாளிக்குக் கற்பூரத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விஜயதசமி. மிஷினை ஓட்டி வேலை தொடங்கியாக வேண்டும். மாமா பொட்டைத் துணியால் துடைத்தார். குங்குமம் போய்விட்டது, சந்தனமும் போனது மாதிரிதான் தெரிந்தது. ஆனால் ராத்திரி முழுவதும் காய்ந்த சந்தனம் எண்ணெயோடு சேர்ந்து, காகிதத்தைவிட மெல்லிய ஏடாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்த ஒவ்வொரு துண்டும் மயிரிழை சாய்ந்து உட்கார்ந்தது. போட்ட துளையெல்லாம் மயிரிழை சாய்ந்து விழுந்தது. துளையின் அகலத்தைத்தான் அங்கே அளந்து பார்ப்பார்கள், சாய்வைப் பார்ப்பதில்லை. அகலம் சரியாக இருந்ததால் எல்லாம் லாரி ஏறிப் போய்விட்டது. வாங்கிய இடத்தில் வண்டியில் பொருத்தும்போதுதான் எதுவும் பொருந்தவில்லை என்று தெரிந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் மொத்த லோடும் திரும்பி வந்து கம்பெனி வாசலில் நின்றது.

அன்று நடந்ததெல்லாம் பிற்பாடு அம்மாவும் மற்றவர்களும் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பா மிஷினுக்கு மிஷின் குனிந்து பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். மாமாவின் மிஷினில், துண்டு உட்காரும் இடத்தை நகத்தால் சுரண்டி, விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறார். எதுவும் சொல்லாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். மாமா அதைப் பார்த்தார். செக்‌ஷனில் எல்லோரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் டீ வந்தது. திரும்பி வந்த துண்டுகளில் ஒன்றை அப்பா நடுவில் வைத்துவிட்டு வழக்கம்போல "எப்படி?" என்று கேட்டிருக்கிறார். யாரும் எழுந்திருக்கவில்லை. டீ ஆறிப்போகும்வரை அப்பா காத்திருந்தாராம். மாமா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இதற்குள் முதலாளிக்கு வேறு நெருக்கடி. செய்த ஆள் யார், அவன்மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று சொன்னால்தான் அடுத்த ஆர்டர் என்று துண்டு வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். முதலாளி அப்பாவிடம் பெயர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

இது எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது. மாமாவின் மிஷினுக்குப் பக்கத்து மிஷினில் வேலை செய்கிறவர் அன்று பொழுது சாயும் நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் பேச ஆரம்பித்தார். மாமா பின்பக்கம் தகரக் கதவு போட்ட குளியலறையில் குளித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்குணா நீ தலய குடுக்குற? யாருன்னு அல்லாருக்கும் தெர்யும். மொதலாளிக்கு ஒரு பேரு வோணும், அவ்ளோதான. நீ சொல்லாங்காட்டி நான் சொல்றேன்."

"பேரக் குடுத்துட்டேன்னா, நாளைக்கு எவன் துண்ட எடுத்துகினு எங்கிட்ட வருவான்?" என்றார் அப்பா.

"சர்தான். இந்த தபா எவனும் வர்லியேணா."

அப்பா குரலைத் தாழ்த்தி, "சின்னப் பையன். கல்யாணம் ஆவணும். நான் பாத்துக்குறேன், நீ உட்ரு" என்றார். தாழ்த்திய குரலும் எங்கள் வீட்டில் எல்லா இடத்துக்கும் கேட்கும். அவ்வளவுதான் வீடு. பின்பக்கம் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. வந்தவர் கிளம்பிப்போன பிறகும் மாமா வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுநாள் அப்பா முதலாளியிடம், துண்டு உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டு மிஷினை ஓட்ட விடுவது என் வேலை, நான் பார்க்கவில்லை என்று சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர், பொய் இல்லாத ஒரு வாக்கியத்தைத் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு போயிருந்தார். அவரை சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். பெட்டிக்கு ஆணி அடிக்கிற வேலை. சாயங்காலக் கூட்டம் நின்றது. ரிஜெக்ட்கள் மறுபடியும் மதில் சுவரைத் தாண்ட ஆரம்பித்தன என்று கேள்வி.

முதலாளி சொன்னபடி மாமா தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆனார்.

ஒரு குறையும் இல்லாமல் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நான் நினைத்தேன். வீட்டில் யாரும் யாரையும் திட்டவில்லை. அப்பா மாமாவிடம் முன்னைவிடப் பிரியமாக இருந்தார். குழம்பில் இருக்கும் மீன் துண்டைத் தன் தட்டிலிருந்து எடுத்து மாமாவின் தட்டில் வைப்பார். "வேல எப்டிப் போவுது?" என்று கேட்பார். மாமா பாதிச் சாப்பாட்டில் "பசிக்கல" என்று எழுந்துவிடுவார். என்னை நைனா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். பாட்டு இல்லை, விசில் இல்லை. பர்மனென்ட் ஆனவர்கள் இப்படித்தான் கம்பீரமாக இருப்பார்கள்போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். முட்டை பப்ஸ் நின்றதுதான் எனக்குத் துக்கமாக இருந்தது.

பட்டாபிராம் பெண் வீட்டார் தேதி குறிக்க வந்தபோது, இப்போது கல்யாணம் வேண்டாம் என்று மாமாவே சொல்லிவிட்டார். பொங்கலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, பட்டரவாக்கத்தில் நண்பர்களோடு ரூம் எடுத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிறது என்றார். அப்பா ஸ்கூட்டரில் ஸ்டேஷனில் விடுகிறேன் என்று சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதற்குள் நடந்தே போய்விட்டார். கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனியையும் விட்டுவிட்டு ஓசூருக்குப் போனார். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். அம்மாவுக்கு போன் செய்வார். அப்பா இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்ய மாட்டார். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. அம்மாவுக்கு இருந்தது ஒரே தம்பி.

அப்பா இறந்தபோது மாமா வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வீட்டுக்குள் வராமல், வெளியே பந்தலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"தெனமும் வண்டில பின்னாடி உக்காந்துகினு, இன்னிக்கி சொல்லிடணும், இன்னிக்கி சொல்லிடணும்னே வருவேம்மா. திருமுல்லைவாயல் தாண்டுனதும் வாயத் தொறப்பேன். உங்கப்பா ஒடனே, மழ வர்ற மாதிரி கீது பாருடா, லாரி எப்டி வர்றான் பாருடான்னு எதுனா பேச ஆரம்பிச்சிடுவாரு. நான் சொல்லப்போறேன்னு அவுருக்குத் தெரியும். எனக்குக் கஷ்டமா இருக்கும்னு பேச்ச மாத்திடுவாரு."

முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "அல்லாரையும் சொல்ல வெச்சாரு. என்ன மட்டும் சொல்லவே உடல" என்றார்.

அப்பாமேல் எனக்கு அன்றைக்கு முதன்முதலாகக் கோபம் வந்தது. கிடத்தியிருக்கும் அப்பாமேல் கோபப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது. இந்த மனுஷனுக்கு மாமாமேல் எவ்வளவு ஆசை இருந்தால் தான் போட்ட சட்டத்தைத் தானே மீறியிருப்பார் என்று நினைத்தேன். அந்த ஆசைதான் மாமாவை எங்கள் வீட்டைவிட்டுத் துரத்தியது என்பதை நினைக்கத்தான் தாங்கவில்லை.

அம்மாவுக்கு இது அப்போதே தெரிந்திருக்கிறது. மாமா பையோடு போன அந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு ஆனதும் அம்மா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதாள். அப்பா போட்ட சட்டையைக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் தள்ளி, வீட்டுப்பாடம் எழுதுகிற பாவனையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் அவன ஒரு வார்த்த சொன்னேனா?" என்றார் அப்பா.

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அதாங்க. ஒரு வார்த்த சொல்லல. நாலு பேரு முன்னாடி நிக்க வெச்சி, ஏண்டா இப்டிப் பண்ணேன்னு கேட்டு ரெண்டு அற உட்டிருந்தா, அழுதுட்டு சாயந்தரம் சோத்துக்கு வந்து உக்காந்திருப்பான் என் தம்பி. இந்த ஊட்லயே இருந்திருப்பான்."

அப்பா தலை குனிந்துகொண்டார். எனக்கு அம்மா பேசியது சுத்தமாக விளங்கவில்லை. எங்கள் தெருவில் அடிவாங்கிய பிள்ளைகள்தான் வீட்டைவிட்டு ஓடிப்போவார்கள். ஆசையாக மீன் துண்டை எடுத்துவைக்கிற வீட்டைவிட்டு யாராவது போவார்களா? அழுததில் அம்மாவுக்கு புத்தி குழம்பிவிட்டது, அதனால்தான் மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.